வாசகர் கேள்வி: "ஃபைன் போட்டு விட்டுடலாம், மேடம்"

கேள்வி: எனக்கு 27 வயது. கோவையில் பயிற்சி முடித்து, ஆறு மாதமாகத் தர்மபுரிப் பக்கம் வனச்சரகராக இருக்கிறேன். போன மாதம் என் ஆட்கள் ஒருவனை இரண்டு உடும்போடு பிடித்தார்கள். ஒன்று உயிரோடு இருந்தது, இன்னொன்று அடித்துக் கொல்லப்பட்டிருந்தது. என் அப்பா வயதுள்ள வனவர், "உள்ளூர்ப் பையன். ஃபைன் போட்டு விட்டுடலாம், மேடம்" என்றார். நான் கேட்கவில்லை. வழக்குப் போட்டு ரிமாண்டுக்கு அனுப்பினேன். பிறகுதான் மகஜரை, அதாவது பிடித்த இடத்திலேயே சாட்சிகள் முன் எழுத வேண்டிய பறிமுதல் பதிவை, ஒழுங்காகப் படித்தேன். பிடித்த இடம் தவறாக எழுதப்பட்டிருக்கிறது. சாட்சிகள் இரண்டு பேரும் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டவர்கள். அந்தப் பையனை இரண்டு அறை அறைந்ததாக ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர் சொன்னார். இப்போது வனவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் கறாராக இருந்தது தப்பா? என் ஆட்களை விட்டுக்கொடுக்காமல் இதை எப்படிச் சரிசெய்வது?

(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

வழக்குப் போட்டது சரிதான், அம்மா. அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். உடும்பைச் சின்ன விஷயமாக நினைக்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. முதுகுவலிக்கு நல்லது, உடம்புக்குப் பலம் என்று கறியும் எண்ணெயும் கைமாறுகின்றன. ஆண் உடும்பின் உறுப்பைக் காயவைத்து, ஏதோ மூலிகை வேர் என்று வடக்கே பூஜைக்கு விற்கிறார்கள். 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் முதல் அட்டவணையில்தான் உடும்பும் இருக்கிறது. குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம் சிறை. குறைந்தபட்ச தண்டனை சொல்லப்பட்ட இந்த மாதிரிக் குற்றத்தை அபராதம் வாங்கிக்கொண்டு முடிக்கச் சட்டத்தில் வழி கிடையாது. உங்களுக்கும் கிடையாது, உங்களுக்கு மேலே இருப்பவர்களுக்கும் கிடையாது. வனவரிடம் அன்றைக்கே இதைப் பொறுமையாகச் சொல்லியிருந்தால் அவருக்குப் பாதிக் கோபம் குறைந்திருக்கும். "மேடம் என் பேச்சை மதிக்கவில்லை" என்பதுதான் அவர் மனதில் நிற்கிறது. மேடத்துக்கே அந்த அதிகாரம் இல்லை என்பது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம்.

தப்பு, படிக்காமல் கையெழுத்துப் போட்டதில் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நான் 31 வருடம் காக்கி போட்டவன். சரகராகி இரண்டாவது வருடம், ஒரு புள்ளிமான் வழக்கில் கூண்டில் நின்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்: "சம்பவ இடத்திலிருந்து ஓடை எந்தப் பக்கம்?" நான் அந்த இடத்துக்குப் போகவே இல்லை. மகஜர் சாட்சியும் ரேஞ்ச் ஆபீஸில் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லிவிட்டார். இரண்டு ராத்திரி மழையில் படுத்துக் கிடந்து அந்த ஆட்களைப் பிடித்த என் காவலர்கள், அவர்கள் விடுதலையாகி வெளியே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நம் வழக்குகள் போலீஸ் வழக்கு மாதிரி குற்றப்பத்திரிகையில் தொடங்குவதில்லை. நாம் புகார் தாக்கல் செய்கிறோம். அதனால் நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்யும் முன்பே ஒரு தடவை சாட்சி சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு குறுக்கு விசாரணைக்கு மறுபடியும் ஏற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வருடங்கள் ஓடிவிடும். வனக் காப்பாளர் வேறு சரகத்துக்கு மாறியிருப்பார், வனவர் ஓய்வு பெற்றிருப்பார். அன்றைக்கு அவர்களுக்குத் துணை அந்த மகஜர் ஒன்றுதான். இடம் காப்புக்காடா பட்டா நிலமா, எந்த பீட் (காப்பாளரின் காவல் பகுதி), எத்தனை மணி, கண்ணி எந்த மரத்தில் கட்டியிருந்தது, இதெல்லாம் அதில் உள்ளபடி இருக்க வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? மகஜரைத் தொடாதீர்கள். கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம், பழைய தேதி போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவர் உங்களைக் குழியில் தள்ளுகிறார். வனவரையும் காப்பாளரையும் அழைத்துக்கொண்டு உண்மையில் பிடித்த இடத்துக்குப் போங்கள். ஜி.பி.எஸ் புள்ளி எடுங்கள், படம் எடுங்கள், கைப்பட வரைபடம் போடுங்கள். இடம் எப்படித் தவறாக எழுதப்பட்டது, சாட்சிகள் எங்கே கையெழுத்திட்டார்கள் என்று உள்ளதை உள்ளபடி ஒரு தனி அறிக்கையாக எழுதி, இன்றைய தேதியிட்டு, உதவி வனப் பாதுகாவலர் வழியாக மாவட்ட வன அலுவலருக்கு அனுப்புங்கள். புகார் நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே அரசு வழக்கறிஞரிடமும் சொல்லிவிடுங்கள். வழக்கு பலவீனமாகலாம். பரவாயில்லை. அந்த அறிக்கையில், படிக்காமல் கையெழுத்திட்டது நான் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரிக்காக வனவர் உங்களை வேறு மாதிரி பார்ப்பார்.

அந்த இரண்டு அறை விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் அதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் மனசு நின்றுவிட்டது.

நீங்கள் வேலை பார்க்கும் அதே மாவட்டத்தில், அரூர் பக்கம் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ஊரையே அடித்து நொறுக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்டது 269 பேர். தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரையும் 2011 செப்டம்பரில் தர்மபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. பாதிக்கு மேல் நம் துறைக்காரர்கள், அதில் நான்கு பேர் ஐ.எஃப்.எஸ் (இந்திய வனப் பணி) அதிகாரிகள். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தக் கொடுமையையும் இரண்டு அறையையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. ஆனால் மேலே இருப்பவர் கேட்க மாட்டார் என்ற தைரியம் இரண்டிலும் இருக்கிறது. கேட்க வேண்டியவர் இப்போது நீங்கள்.

அறைந்தவரைக் கூப்பிட்டு நேரில் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வாங்கி, அதையும் மேலே அனுப்புங்கள். மறைத்தால் வழக்கும் நிற்காது. குற்றவாளி முன்னிலையில் வாக்குமூலம் பதிவு செய்து அதைச் சாட்சியமாக்கும் அதிகாரம் உதவி வனப் பாதுகாவலருக்கும் அவருக்கு மேற்பட்டவர்களுக்கும்தான் உண்டு. அடித்துச் சொல்ல வைத்தது என்று தெரிந்தால் அதையும் நீதிமன்றம் தூக்கி எறிந்துவிடும். இனிமேல் யாரைப் பிடித்தாலும் உடனே வீட்டுக்குத் தகவல் போகட்டும், மருத்துவப் பரிசோதனை நடக்கட்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்துங்கள். ஒரு வீட்டைச் சோதனை போடப் போனால் பெண் பணியாளர் இல்லாமல் உள்ளே நுழையவே வேண்டாம்.

இதெல்லாம் ஆட்களை விட்டுக்கொடுப்பதாகுமா என்று கேட்கிறீர்கள். உங்களிடம் உண்மையைச் சொன்ன அந்த வேட்டைத் தடுப்புக் காவலரை முதலில் நினையுங்கள். பெரும்பாலும் தற்காலிக வேலை, சொற்பச் சம்பளம். அவருக்குப் போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? ஷூ கிழிந்திருக்கிறதா, முகாமில் டார்ச் பேட்டரி இருக்கிறதா? மாதத்தில் இரண்டு ராத்திரியாவது அவர்களோடு முகாமில் தங்குங்கள். அவர்கள் கிண்டும் களியைச் சாப்பிடுங்கள், விடியற்காலை ரோந்தில் கூட நடங்கள். அவர் பெயரை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் வனவர். "உள்ளூர்ப் பையன்" என்று அவர் சொன்னதில் ஒரு சொத்து இருக்கிறது. அந்தப் பையனின் வீடு எது, உடும்பை யாருக்கு விற்பான், எந்தக் கடையில் கம்பி வாங்குவான் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. வாங்குகிறவனைப் பிடிக்க அவர் இல்லாமல் முடியாது. அந்தத் தகவலை அவரிடமே கேளுங்கள். அடுத்த வழக்கில் அவர் பங்கை அறிக்கையில் முதலில் எழுதுங்கள். சம்பவ இடத்துக்குப் போகும்போது ஜீப்பில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "சார், நானும் படிக்காமல் போட்டுவிட்டேன். இதைச் சேர்ந்து சரிசெய்யலாம்" என்று நீங்களே ஆரம்பியுங்கள். அவர் உடனே பேசாவிட்டாலும் வற்புறுத்த வேண்டாம். திரும்பி வரும் வழியில் பேசுவார்.