ஸ்டார் ட்ரெக் ரசிகர்களுக்குத் தொடர்கதை என்றாலே ஏன் ஆகவில்லை?

ஸ்டார் ட்ரெக் என்பது 1966-ல் தொடங்கிய அமெரிக்க விண்வெளிக் கதை வரிசை. 2017-லிருந்து வந்த அதன் தொடர்கள் பலவும் சீசன் முழுக்க ஒரே கதையைச் சொல்கின்றன. பழைய ரசிகர்களின் கோபத்துக்கு அதுதான் காரணமா, வாரம் ஒரு கதை என்று திரும்பினால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் 1987-ல் தொடங்கிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' பார்த்துவிட்டு நேராக 2017-ன் 'டிஸ்கவரி'க்குப் போய், நாலைந்து எபிசோடோடு நின்றுவிட்டவர் என்று எடுத்துக்கொள்கிறேன். கதை முடிச்சுகளை மறைக்காமல்தான் எழுதப் போகிறேன். ஸ்பாய்லர் வேண்டாம் என்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

தொடர்கதை மேல் இந்த ரசிகர்களுக்குப் பகை கிடையாது. அவர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் 1990-களின் 'டீப் ஸ்பேஸ் நைன்' பின்பாதியில் பெரும்பாலும் தொடர்கதைதான். அவர்களை எரிச்சலூட்டுவது அதில் ஒரே ஒரு வகை. முதல் எபிசோடில் ஒரு ரகசியத்தைப் பூட்டி வைத்து, சாவியைக் கடைசி எபிசோடில் மட்டும் கொடுக்கும் வகை அது. நடந்ததன் விளைவுகள் அடுத்தடுத்த வாரங்களில் பாத்திரங்களைத் துரத்திக்கொண்டே வருவது வேறு வகை. இரண்டையும் 'தொடர்கதை' என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் விவாதம் எப்போதும் குழம்புகிறது.

தனித்தனிக் கதை என்பது முதலில் கலைக் கொள்கையாக வந்ததல்ல, ஒளிபரப்பின் கட்டாயம். 1966-ல் என்பிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நெட்வொர்க் முதல் தொடரை ஒளிபரப்பியபோது எடுத்த வரிசையில் போடவில்லை. இரண்டாவது பைலட்டாக (சோதனை எபிசோடாக) எடுத்த 'வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்' மூன்றாவதாக வந்தது. சீருடை வேறு, மருத்துவர் மெக்காய் கப்பலிலேயே இல்லை, ஆனாலும் கதை தனியாக நின்றதால் பார்ப்பவருக்குச் சிக்கல் இல்லை. 1987-ல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' வந்தபோது அது எந்த நெட்வொர்க்கிலும் இல்லை. தனித்தனி உள்ளூர் நிலையங்களுக்கு விற்கப்பட்டது, அவை தமக்கு வசதியான நாளில் ஒளிபரப்பின. ஒரு வாரம் தவறவிட்டால் மறுபடி பார்க்கும் வழி எல்லோருக்கும் கிடையாது. தவறவிட்டவர் அடுத்த வாரம் புரியாமல் சேனலை மாற்றிவிடுவார் என்பது தயாரிப்பு நிறுவனத்தின் பயம்.

அப்போது ரசிகர்கள் புகார் சொன்னது நேர்எதிர்த் திசையில் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 'வாயேஜர்' 1995-ல் தொடங்கியது. வீட்டிலிருந்து எழுபது ஆண்டுப் பயண தூரத்தில் சிக்கிய கப்பல். முதல் சீசனில் 'தி கிளவுட்' என்ற எபிசோடில், கைவசம் 38 டார்பிடோக்கள்தான், தீர்ந்தால் மாற்றுக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். ரசிகர்கள் ஒவ்வொரு எபிசோடிலும் சுட்டதை எண்ணிக் கணக்கு வைத்தார்கள். 38-ஐத் தாண்டியும் கப்பல் சுட்டுக்கொண்டே இருந்தது. 1997-ல் வந்த 'இயர் ஆஃப் ஹெல்' இரட்டை எபிசோடில் கப்பல் மாதக்கணக்கில் அடிபட்டுச் சிதைகிறது, ஆட்கள் சாகிறார்கள். கடைசி நிமிடத்தில் காலக்கோடு திருத்தப்பட்டு எல்லாம் பழையபடி ஆகிறது, யாருக்கும் எதுவும் நினைவில்லை. 'ரீசெட் பட்டன்' என்று இதை இன்றும் திட்டுகிறார்கள். தொடர்ச்சி போதவில்லை என்று போராடிய அதே கூட்டத்தைத் தொடர்ச்சிக்கு எதிரி என்று சொல்வது நியாயமில்லை.

'டீப் ஸ்பேஸ் நைன்' வந்த காலத்தில் அதற்கும் நல்ல பெயர் இல்லை. நின்ற இடத்திலேயே நிற்கும் விண்வெளி நிலையம், ரொம்ப இருட்டு என்றார்கள். பின்னால் டிவிடியிலும் ஸ்ட்ரீமிங்கிலும் வரிசையாகப் பார்க்க முடிந்த பிறகுதான் அதன் மதிப்பு ஏறியது. டொமினியன் என்ற எதிரி வல்லரசுடனான போர் ஐந்தாம் சீசன் முடிவில், 1997-ல் வெடிக்கிறது. ஆறாம் சீசனின் முதல் ஆறு எபிசோட்களும் ஒரே ஓட்டம். அந்த ஓட்டத்தின் முடிவு பலவீனமானது, அதை நான் மறைக்கவில்லை. 2,800 எதிரிக் கப்பல்கள் வார்ம்ஹோல் என்ற விண்வெளிச் சுரங்கவழிக்குள் நுழைகின்றன, அங்கே வாழும் தெய்வங்கள் அவற்றை ஒரேயடியாக மறைத்துவிடுகின்றன. அன்றைக்கே ரசிகர்கள் இதை ஏமாற்று வேலை என்றார்கள். ஆனால் தொடர் சாயவில்லை. காரணம், அந்த ஆறு எபிசோடும் அந்த ஒரு விடையை நம்பி நிற்கவில்லை. அதே எபிசோடில் வில்லன் டுகாட்டின் மகள் ஸியால் சுடப்பட்டுச் சாகிறாள், டுகாட் மனம் உடைகிறான், அந்த உடைவு கடைசி சீசன் வரை அவனை இழுத்துச் செல்கிறது. போரும் முடியவில்லை.

நோக் என்ற பாத்திரத்தைப் பாருங்கள். முதல் எபிசோடில் திருடி மாட்டிக்கொள்ளும் சின்னப் பையன். நடுவில் விண்வெளிக் கப்பற்படையான ஸ்டார்ஃப்ளீட்டின் அகாடமியில் சேருகிறான். ஏழாம் சீசனில் 'தி சீஜ் ஆஃப் ஏஆர்-558'-ல் காலை இழக்கிறான். இரண்டு எபிசோட் தள்ளி ஒரு முழு எபிசோடை அவன் மனம் தேறுவதற்கு மட்டுமே ஒதுக்குகிறார்கள். இதில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. அடுத்து என்ன என்று ஊகித்து உடைத்துவிட முடியாத கதை இது.

இப்போது 'டிஸ்கவரி'. முதல் சீசன் 2017 செப்டம்பரில் தொடங்கியது, 15 எபிசோட்கள், வாரம் ஒன்று. ஷஜாத் லத்தீஃப் நடிக்கும் ஆஷ் டைலர் என்ற அதிகாரி ஐந்தாம் எபிசோடில் வருகிறார். எதிரி இனமான கிளிங்கான்களில் ஒருவனான வோக்காக நடித்தவர் என்று ஜாவித் இக்பால் என்ற பெயரைப் போட்டிருந்தார்கள். அந்தப் பெயரில் ஒரு நடிகரும் அகப்படவில்லை என்பதை ரசிகர்கள் சில வாரங்களில் கண்டுபிடித்துவிட்டார்கள், இரண்டு பேரும் ஷஜாத் லத்தீஃப்தான் என்று ஊகித்தும்விட்டார்கள். டைலர்தான் வோக் என்பதைக் கதை சொன்னது பதினோராம் எபிசோடில், 2018 ஜனவரியில். ஆயிரக்கணக்கானவர்கள் வாரம் முழுக்க யோசிக்கும்போது எந்த ரகசியமும் தங்காது. எழுத்தாளர்களாலும் நடுவழியில் ஒன்றும் செய்ய முடியாது, முதல் எபிசோட் வெளியாகும்போது சீசனின் பெரும்பகுதி எழுதி எடுக்கப்பட்டிருக்கும். அதனால் ஊகம் சரியாக இருந்தால் 'முன்னாடியே தெரியுமே' என்ற அலுப்பு, தப்பாக இருந்தால் 'என் ஊகமே இதைவிட நன்றாக இருந்ததே' என்ற ஏமாற்றம். கதை எப்படிப் போனாலும் தோற்கும்.

அந்தச் சீசனில் இன்னொரு கோளாறும் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. முதல் இரண்டு எபிசோடில் கிளிங்கான் போர் தொடங்குகிறது. பத்திலிருந்து பதிமூன்று வரை கப்பல் மிரர் பிரபஞ்சத்தில் (எல்லோருக்கும் ஒரு கொடூரமான மறுபிரதி உள்ள இணை உலகில்) இருக்கிறது. திரும்பி வரும்போது இங்கே ஒன்பது மாதம் ஓடி, போரில் நம் பக்கம் தோற்றுக்கொண்டிருக்கிறது. மீதியுள்ள இரண்டு எபிசோடில் போர் முடிக்கப்படுகிறது. நடுப்பகுதி முழுக்கத் திரைக்கு வெளியே நடந்த போர் யாரை உலுக்கும்? தயாரிப்புப் பொறுப்பு கைமாறியதும் இதில் சேர்த்தி: தொடரை உருவாக்கிய பிரையன் ஃபுல்லர் 2016-லேயே விலகினார், பிறகு பொறுப்பேற்ற இருவரும் இரண்டாம் சீசன் தயாரிப்பின் நடுவில் நீக்கப்பட்டார்கள். தனித்தனிக் கதைகளாக இருந்தால் இப்படிப்பட்ட தையல்கள் வெளியே தெரியாது.

மூன்றாம் சீசனில் வரும் 'பர்ன்' என்ற பேரழிவுதான் பூட்டி வைத்த ரகசியத்தின் உச்சம். கதை நடக்கும் காலத்துக்குச் சுமார் 120 ஆண்டுகளுக்கு முன், ஒளியைவிட வேகமான வார்ப் பயணத்துக்குத் தேவையான டைலித்தியம் என்ற படிகம் எல்லா இடத்திலும் ஒரே கணத்தில் செயலிழந்து, வார்ப் இயங்கிக்கொண்டிருந்த கப்பல்கள் வெடித்துச் சிதறின. ஏன்? சீசன் முழுக்க அதுவே கேள்வி. கடைசி மூன்று எபிசோடில் விடை: டைலித்தியம் கிரகத்தில் விழுந்த கப்பலில் பிறந்த கெல்பியன் என்ற வேற்றுக்கிரக இனத்துக் குழந்தை ஒன்று, தாய் இறந்தபோது அலறிய அலறல். தனிமை, பிரிவு என்ற அந்தச் சீசனின் கருவோடு அது பொருந்தியே போகிறது, அழகான எண்ணமும்கூட. ஆனால் வாரக்கணக்கில் அறிவியல் புதிராக முன்வைத்துவிட்டு உணர்ச்சியால் அவிழ்த்தார்கள். துப்பறியும் மனநிலையில் உட்கார்ந்திருந்தவருக்கு அது இறங்கவில்லை.

'நாயகி கறுப்பினப் பெண் என்பதால்தானே இந்த வெறுப்பு?' என்று பின்னூட்டத்தில் கேட்கப் போகிறவர்களுக்கு: அந்தக் காரணத்துக்காகத் தொடரைத் தாக்கியவர்கள் உண்டு, நிறையவே உண்டு. அவர்கள் பேசுவது விமர்சனமே இல்லை, அதை இந்தப் பதிலோடு முடிச்சுப் போட வேண்டாம். சொனெக்வா மார்ட்டின்-கிரீனின் நடிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 'பழசைப் பிடித்துத் தொங்குகிறாய்' என்பவர்களுக்கு 'பிக்கார்ட்' மூன்றாம் சீசனைக் காட்டுகிறேன். 2023-ல் வந்தது, பத்து எபிசோடும் ஒரே கதை, பிக்கார்டின் மகன் ஜாக்கின் ரகசியம் ஒன்பதாம் எபிசோடில்தான் முழுதாகத் திறக்கிறது. ரசிகர்கள் கொண்டாடினார்கள். பழைய முகங்கள் ஒன்றுசேர்ந்த பாசம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் முதல் சீசனிலும் பழைய முகங்கள் இருந்தன, இந்த வரவேற்பு கிடைக்கவில்லையே. மூன்றாம் சீசனின் நாலாம் எபிசோடை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். கப்பல் நெபுலாவுக்குள் அமிழ்கிறது, மின்சக்தி தீர்கிறது, நெபுலாவின் துடிப்பு பிரசவ வலி என்று கண்டுபிடித்து அந்த அலையிலேயே ஏறி வெளியே வருகிறார்கள். பெரிய ரகசியம் அப்படியே நிற்க, இந்த எபிசோடின் சிக்கல் இந்த எபிசோடிலேயே தீர்கிறது. பார்ப்பவர் வெறுங்கையோடு எழுந்து போவதில்லை.

'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' இதை இன்னும் சுத்தமாகச் செய்கிறது. வாரம் ஒரு கதை என்றாலும் தொடர்ச்சி உண்டு. மருத்துவர் எம்பெங்கா நோயுற்ற மகளை டிரான்ஸ்போர்ட்டர் பஃபரில் (ஆட்களை இடம் மாற்றும் கருவியின் நினைவகத்தில்) ஒளித்து வைத்திருப்பது முதல் சீசனின் மூன்றாம் எபிசோடில் தெரிகிறது, எட்டாம் எபிசோடில் முடிகிறது. சீசன் முடிவுக்காக அதை இழுத்தடிக்கவில்லை. ஆனால் இந்தத் தொடரும் ஒரு இடத்தில் சறுக்கியது. இரண்டாம் சீசனின் கடைசிக் கதையை 2023 ஆகஸ்டில் பாதியில் தொங்கவிட்டு, மீதியை 2025 ஜூலையில்தான் கொடுத்தார்கள். 2023-ன் எழுத்தாளர், நடிகர் வேலைநிறுத்தங்கள் காரணம், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இருந்தாலும் 1990-ல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' கேப்டன் பிக்கார்ட் போர்க் என்ற இயந்திர மனிதக் கூட்டத்தில் ஒருவராகிப்போன எபிசோடுக்கும் அதன் மீதிக்கும் இடைவெளி ஜூன் 18 முதல் செப்டம்பர் 24 வரை, மூன்று மாதம்தான். பதைபதைப்பு மூன்று மாதம் தாங்கும், இரண்டு வருடம் தாங்காது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனதில் இருப்பது. இவ்வளவு புகழும் 'டீப் ஸ்பேஸ் நைன்' இன்றுவரை முழுமையாக உயர் தெளிவில் வரவில்லை. அதை எடுத்தது 35 மிமீ ஃபிலிமில், எடிட்டிங்கும் கிராஃபிக்ஸும் செய்தது பழைய வீடியோ டேப்பில். தெளிவாக்க வேண்டுமானால் ஒவ்வொரு எபிசோடின் நெகட்டிவையும் தேடி எடுத்து மறுபடி ஸ்கேன் செய்து, மறுபடி வெட்டி ஒட்டி, விண்வெளிக் காட்சிகளைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். போர்க் காட்சிகள் பல கணினியில் செய்தவை, அவற்றைத் திரும்ப ரெண்டர் செய்ய வேண்டும். 'நெக்ஸ்ட் ஜெனரேஷ'னுக்கு 2012-லிருந்து 2014 வரை இந்த உழைப்பைச் செய்தார்கள், விற்பனை எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை, அத்தோடு நிறுத்திவிட்டார்கள். ரசிகர்களின் பணத்தில் எடுத்த ஆவணப்படத்துக்காகச் சில காட்சிகளைப் புதுப்பித்துக் காட்டினார்கள். அதைப் பார்த்தபின் மங்கலான பிரதிக்குத் திரும்ப மனமே வராது. ஸ்டார் ட்ரெக் வரிசையின் மிகச் சிறந்த தொடர்கதைக்கு இந்தக் கதி வந்திருக்கக் கூடாது.

சரி, நீங்கள் எப்படிப் பார்க்கலாம்? 'டீப் ஸ்பேஸ் நைன்' என்றால் பைலட், முதல் சீசனில் 'டூயட்', இரண்டாம் சீசனின் முதல் மூன்று எபிசோட், அதன் கடைசி எபிசோடான 'தி ஜெம்ஹடார்'. இவை பிடித்தால் மூன்றாம் சீசனிலிருந்து வரிசையாகப் போங்கள். ஆறாம் சீசனின் முதல் ஆறை இரண்டு மூன்று நாளுக்குள் முடியுங்கள். கடைசிப் பத்து மணிநேரமும் அப்படியே, நடுவில் வாரக்கணக்கில் விட்டால் யார் யாரோடு கூட்டு என்பது மறந்துவிடும். 'என்டர்பிரைஸ்' தொடரின் மூன்றாம் சீசனில் ஜிண்டி என்ற எதிரிகளின் கதை 24 எபிசோடுக்கு நீள்கிறது, நடுவில் தொய்யும். 'அஸாட்டி பிரைம்' எபிசோட் வந்த பிறகு இறுகிவிடும், அதுவரை பொறுங்கள். நாலாம் சீசனில் இரண்டு மூன்று எபிசோடுக்கு ஒரு கதை என்று பிரித்தது ஸ்டார் ட்ரெக் வரிசைக்கே சரியான அளவு என்பது என் கருத்து.

'டிஸ்கவரி'யை வாரம் ஒன்றாகப் பார்க்காதீர்கள், ஒரே உட்காரலில் இரண்டு மூன்று பாருங்கள். ஊகிக்க நேரம் கிடைக்காதபோது ரகசியங்கள் வேலை செய்கின்றன. எபிசோடின் தொடக்கத்தில் வரும் முன்கதைச் சுருக்கத்தைத் தள்ளிவிடுங்கள், இன்று யார் திரும்பி வரப்போகிறார் என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். முதல் சீசன் உங்களுக்கு ஒத்துவரவே இல்லையென்றால் இரண்டாவதிலிருந்து தொடங்கலாம், 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' நாயகன் கேப்டன் பைக் வருவது அங்கேதான். நாயகி பர்ன்ஹாம் ஸ்பாக்கின் வளர்ப்புச் சகோதரி, டைலருக்குள் இருந்தவன் வோக், இப்போது திரியும் ஜார்ஜியூ பழைய கேப்டன் அல்ல, மிரர் பிரபஞ்சத்துப் பேரரசி. இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.