ராஜா செத்தப்புறம் வந்த ரேஞ்சர்ஸ்

வணக்கம் சார்,

பவர் ரேஞ்சர்ஸ் சூப்பர் மெகாஃபோர்ஸ் பத்தி நீங்க எழுதினத படிச்சேன். இருபது வருஷத்த வீணடிச்ச சீசன்னு சொல்லியிருந்தீங்க. என் பையனுக்கு எட்டு வயசு, அவன் பாத்ததுலயே அதுதான் அவனுக்கு ரொம்ப புடிச்சது. ஒரே ஃபைட்டுக்குள்ள சாவிய திருகி மூணு தடவ டீம் மாறுறாங்கல்ல, அத பாத்துட்டு வீட்டுல இருக்க பீரோ சாவி, வண்டி சாவி எல்லாத்தையும் எடுத்து வச்சு திருகிட்டு இருக்கான். நானும் சின்ன வயசுல தமிழ் டப்பிங்ல ரேஞ்சர்ஸ் பாத்தவன்தான். இது சின்னப் பசங்க பாக்குற ஷோ, பாத்தமா சந்தோஷப்பட்டமான்னு போக வேண்டியதுதான, இவ்ளோ நோண்டணுமா? அப்புறம் வருஷத்துக்கு 20 எபிசோட்தான் குடுத்தா அவங்களும் என்னதான் பண்ணுவாங்க? தப்பா எடுத்துக்காதீங்க, மனசுல பட்டத கேட்டேன்.

ஒரு அப்பா

வணக்கம்ங்க,

தப்பா எடுத்துக்க என்ன இருக்கு. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் எழுதினத பையன்கிட்ட காட்டாதீங்க. அவனுக்கு புடிச்சிருக்கு, அது அவனோட சந்தோஷம், அதுல நான் கைய வைக்க விரும்பல. அந்த டீம் மாறுற ஃபைட் எனக்கும் புடிக்கும், ஒரு டீமோட டிரெஸ்ல மேல குதிக்கிறவன் கீழ இறங்கும்போது வேற டீமா நிப்பான், அத எத்தன தடவ வேணா உக்காந்து பாப்பேன். ஆனா அது எங்கேர்ந்து வந்துச்சு, அத கையில வச்சுக்கிட்டு இவங்க என்ன பண்ணாங்கன்னு தெரிஞ்சாதான் என் வருத்தம் உங்களுக்கு புரியும்.

பவர் ரேஞ்சர்ஸ் எப்படி எடுத்தாங்கன்னு உங்களுக்கு தெரிஞ்சிருக்கலாம், தெரியாதவங்களுக்காக சொல்றேன். ஜப்பான்ல டோயி கம்பெனி வருஷா வருஷம் சூப்பர் சென்டாய்னு ஒரு சீரிஸ் எடுத்துட்டு இருந்துச்சு, அதுலேர்ந்து சண்டை, ரோபோ காட்சியெல்லாம் எடுத்துக்குவாங்க, ஹெல்மெட் போட்டிருக்கறதால உள்ள யாருன்னு தெரியாதுல்ல, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வேற நடிகர்கள வச்சு இங்கிலீஷ்ல ஒரு கதைய எடுத்து ஒட்டிடுவாங்க. 1993 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுலேர்ந்து ரொம்ப வருஷம் இதுதான் வழி. நல்லா ஒட்டினா பாக்குற குழந்தைக்கு ஒட்டு தெரியவே தெரியாது. 2010ல சபான் கம்பெனி டிஸ்னிகிட்டேர்ந்து உரிமைய திருப்பி வாங்கினப்புறம் நிக்கலோடியன் சேனல்ல வந்தது எல்லாமே இப்படி செஞ்சதுதான், 2013ல மெகாஃபோர்ஸ், 2014ல சூப்பர் மெகாஃபோர்ஸ், ரெண்டும் சேந்து 20 வருஷக் கொண்டாட்டம்.

சூப்பர் மெகாஃபோர்ஸுக்கு அவங்க எடுத்துக்கிட்டது 2011ல வந்த கோகைஜர். அது சென்டாயோட 35வது டீம், அதுவும் கொண்டாட்ட சீசன்தான். அதோட கதைய கேளுங்க. பூமிய காப்பாத்த அதுக்கு முன்னாடி இருந்த 34 டீமும் ஒண்ணா நின்னு சண்டை போட்டு, ஜெயிச்சு, அதுல அவங்க சக்தி மொத்தத்தையும் இழந்துடறாங்க. அந்த சக்திதான் சாவியா மாறுது. ரொம்ப வருஷம் கழிச்சு விண்வெளிக் கொள்ளைக்காரங்க ஒரு அஞ்சு பேர் அந்த சாவியெல்லாம் வச்சுக்கிட்டு புதையல் தேடி பூமிக்கு வர்றாங்க, பூமி மேல அவங்களுக்கு எந்த அக்கறையும் கிடையாது. ஆனா அந்த சாவியோட முழு சக்தி வேணும்னா பழைய ஹீரோக்கள்கிட்ட அத வாங்கணும், அவங்க மனசு வச்சு குடுக்கணும். கெகிரேஞ்சர்ங்கற பழைய டீம்ல ரெட்டா இருந்த ஜான் வந்து டானுக்கும் அஹிமுக்கும் பயிற்சி குடுக்குற எபிசோட் ஒண்ணு இருக்கு, கொள்ளைக்காரப் பசங்க ரெண்டு பேரு கொஞ்சம் கொஞ்சமா மனுஷங்களா மாறுறத கிட்ட உக்காந்து பாக்குற மாதிரி இருக்கும். அப்படி ஒவ்வொரு டீமா தெரிஞ்சுக்கிட்டு வரும்போது, சண்டையில ஒருத்தன் சாவிய திருகினா அது வெறும் டிரெஸ் மாத்துறது இல்லைங்க, யாரோ ஒருத்தர் விட்டுக்குடுத்தத போட்டுக்கிட்டு நிக்கிறான்னு பாக்குற நமக்கு தெரியும்.

சூப்பர் மெகாஃபோர்ஸ்ல என்ன பண்ணாங்க? ரேஞ்சர்ஸுக்கு வழிகாட்டியா இருக்கற கோசெய் இந்தாங்கன்னு சாவிய எடுத்து குடுத்துட்டாரு. தேட வேண்டியதில்ல, கேக்க வேண்டியதில்ல, முந்தி அது யாரோடதுன்னு தெரிஞ்சுக்கவும் வேண்டியதில்ல. அமெரிக்காவுல சீரிஸா வரவே வராத பழைய ஜப்பான் டீம்களோட டிரெஸ்லயும் வந்து நிக்கிறாங்க, ஃபுட்டேஜ்ல இருக்கு, அதனால வருது. இருபது வருஷமா பாத்த ரசிகனுக்கே அது யாருன்னு தெரியாது, எட்டு வயசுப் பையனுக்கு எப்படி தெரியும்? ஜேக் முதல் வருஷம் பிளாக் ரேஞ்சர், ரெண்டாவது வருஷம் க்ரீன், ஏன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க. ஒரு வரி வசனம் போதுமே அதுக்கு. ஓரியன்னு சில்வர் ரேஞ்சர் வர்றான், அவன் ஊரு ஆண்ட்ரீஷியா மொத்தமா அழிஞ்சு அவன் ஒருத்தன்தான் மிச்சம், எவ்ளோ பெரிய துக்கம் அது, ஆனா கொஞ்ச நேரத்துலயே மத்தவங்களோட சிரிச்சுக்கிட்டு நிக்க வச்சுட்டாங்க. கோகைஜர்லயும் அஹிமோட கிரகம் அழிஞ்சதுதான், அவ அப்பா அம்மாவ கொன்னவன் பூமிக்கு வந்தப்போ அந்த எபிசோடையே அவளுக்குன்னு ஒதுக்கினாங்க.

முழுசா கொறை சொல்ல மாட்டேன். ஜெய்டன், கேசி மாதிரி பழைய ரேஞ்சர்கள் நடுவுல வந்து போற எபிசோட் இருக்கு, அதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, அந்த ரூட்லயே போயிருக்கலாம்.

இப்ப கடைசி எபிசோடுக்கு வர்றேன், என் மனசு நொந்தது அங்கதான். மெகாஃபோர்ஸோட முதல் எபிசோட்லயே ரெட் ரேஞ்சர் ட்ராய் ஒரு கனவு காண்றான், எல்லா ரேஞ்சர்ஸும் ஒண்ணா நின்னு பெரிய யுத்தம் பண்ற மாதிரி. அதாவது ரெண்டு வருஷம் பாருங்க, இத காட்டுறோம்னு குழந்தைங்களுக்கு சத்தியம் பண்ண மாதிரி. 2014 நவம்பர் 22 அந்த எபிசோட் வந்துச்சு. நான் அக்கா பொண்ணு கூட உக்காந்துதான் பாத்தேன், அவளுக்கு அப்ப ஒம்போது வயசு. எதிரிங்களோட சக்கரவர்த்தி மாவ்ரோவ மெகாஃபோர்ஸ் டீமே முடிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் அவனோட சிப்பாய் கூட்டம் மட்டும் மிச்சம் நிக்குது, அப்பதான் மலைமேல வரிசையா பழைய ரேஞ்சர்ஸ் வந்து நிக்கிறாங்க, டாமி, டிஜே, காஸி, லியோ, டேமன், கரோன்னு. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, பொய் சொல்லல. அக்கா பொண்ணு டிவியவே பாத்துட்டு கேட்டா, "மாமா, ராஜாதான் செத்துட்டானே, இவங்க இப்ப எதுக்கு வந்தாங்க?" கொஞ்ச நேரம் கழிச்சு, "இவங்கெல்லாம் யாரு?"

அந்த ரெண்டு கேள்விக்கும் அந்த சீசன்ல பதில் இல்லைங்க. வந்தவங்கள்ல பல பேருக்கு ஒரு வாய் பேசக்கூட நேரம் குடுக்கல, சிப்பாய்ங்கள அடிச்சாங்க, கொஞ்ச நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. டாமியா நடிச்ச ஜேசன் டேவிட் ஃப்ராங்க் 2022 நவம்பர்ல இறந்துட்டாரு. அந்த சேதி கேட்டப்போ எனக்கு இந்த க்ரீன் ரேஞ்சர் காட்சிதான் ஞாபகம் வந்துச்சு, அவ்ளோ தூரம் கூப்பிட்டு வந்து நிக்க வச்சுட்டு அவருக்கு இன்னும் ஒரு நல்ல காட்சி குடுத்திருக்கலாமேன்னு இப்பவும் ஆறல.

20 எபிசோட்தான்னு சொன்னீங்க, நியாயமான கேள்வி. கோகைஜர் 51 எபிசோட், அத 20க்குள்ள சுருக்குறது கஷ்டம்தான். ஆனா இதுக்கு முன்னாடி வந்த சாமுராய்ல ஒரே சென்டாய் சீசன ரெண்டு வருஷத்துக்கு பிரிச்சு எடுத்தாங்க. அடுத்து 2015ல வந்த டைனோ சார்ஜ் அதே நிக்கலோடியன், வருஷத்துக்கு அதே ரேஞ்சு எபிசோட் கணக்கு, அதுவும் ரெண்டு வருஷம், ஒவ்வொரு ரேஞ்சரும் யாரு எங்கேர்ந்து வந்தான்னு சொல்ல அவங்களுக்கு எடம் இருந்துச்சு. நடுவுல வந்த இந்தக் கொண்டாட்ட சீசனுக்கு மட்டும் முதல் வருஷம் கோசெய்ஜர், ரெண்டாவது வருஷம் கோகைஜர்னு ரெண்டு சீரிஸ ரெண்டு வருஷத்துல அடைச்சாங்க. எபிசோட் கம்மியா இருந்தது பிரச்சனையே இல்ல, இருக்கற எபிசோட எதுக்கு செலவு பண்ணாங்கங்கறதுதான் பிரச்சனை. பொம்மை கம்பெனி பண்டாய் கடையில அந்த சாவிய பொம்மையா வித்துச்சு, அதுல எனக்கு கோவம் இல்ல, பொம்ம வித்துதான் இந்த ஷோ இத்தன வருஷம் ஓடியிருக்கு. பொம்மைக்கு பின்னாடி இருக்கற ஆள காட்டியிருக்கலாமேங்கறேன்.

சின்னப் பசங்க ஷோதானன்னு கேட்டீங்களே, அதுக்கு ஒரு காட்சிய சொல்றேன். 1998ல வந்த பவர் ரேஞ்சர்ஸ் இன் ஸ்பேஸோட கடைசி எபிசோட். பூமியே எதிரி கையில, வில்லி ஆஸ்ட்ரோனெமா ஊர் சனத்த ஒரு எடத்துல கூட்டி வச்சு ரேஞ்சர்ஸ ஒப்படைங்க, இல்லைன்னா எல்லாரையும் அழிச்சிடுவேங்கறா. நிஜ ரேஞ்சர்ஸ் அந்தக் கூட்டத்துக்குள்ளதான் சாதாரண டிரெஸ்ல நிக்கிறாங்க. அப்ப பல்க் முன்னாடி வர்றான். முதல் சீசன்லேர்ந்து மூஞ்சில கேக் அப்பிக்கிட்டு, பள்ளிக்கூடத்துல எல்லாரையும் வம்புக்கு இழுத்துக்கிட்டு திரிஞ்ச அதே பல்க். "நான்தான் ப்ளூ ரேஞ்சர்"ங்கறான். பக்கத்துல ஸ்கல், "நான்தான் பிளாக் ரேஞ்சர்." அப்புறம் பாத்தா கூட்டமே, கிழவன்லேர்ந்து சின்னப் பசங்க வரைக்கும், நானும் ரேஞ்சர்தான்னு சொல்ல ஆரம்பிச்சிடுது. ரோபோ இல்ல, புது டிரெஸ் இல்ல, சாவி இல்ல. அஞ்சு வருஷம் அந்தப் பையன நமக்கு காட்டி வச்சிருந்தாங்க, அதனால அவன் ஒரு அடி எடுத்து வச்சதே ஒடம்பு சிலிர்த்துச்சு. எனக்கு அத பாக்கும்போது சின்ன வயசுதான், யாரும் வெளக்கம் சொல்லல, நானா புரிஞ்சுக்கிட்டேன். குழந்தைங்க நம்மள விட கவனமா பாக்குறாங்க, ராஜா செத்தது நம்ம கண்ணுக்கு தப்பிடுச்சு, அக்கா பொண்ணு கண்ணுக்கு தப்பல.

நேரம் கெடச்சா பையனுக்கு முதல்ல பல்க்கும் ஸ்கல்லும் வர்ற பழைய எபிசோட் கொஞ்சம் போட்டு காட்டுங்க, அவங்க ரெண்டு பேர பாத்து அவன் நல்லா சிரிக்கட்டும். அப்புறம் இந்தக் கடைசி எபிசோட போடுங்க. பல்க் முன்னாடி வர்ற எடத்துல அவன் என்ன கேக்குறான்னு எனக்கு எழுதுவீங்களா?