டேட்டா அனாலிசிஸை சென்டரில் கொடுக்கலாமா?

கேள்வி: சமூகப்பணியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவள். சுய உதவிக் குழுப் பெண்கள் 120 பேரிடம் வினாத்தாள் நிரப்பி வைத்திருக்கிறேன். கைடு ‘கை-ஸ்கொயர் போட்டுக்கொண்டு வா’ என்கிறார். பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள ஒரு சென்டரில் அனாலிசிஸ் அத்தியாயத்தையே எழுதித் தருகிறார்களாம். ஆனால் 384 பேர் வேண்டும், மீதியை அவர்களே ‘பார்த்துக்கொள்வதாக’ச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா, நானே புள்ளியியல் படிக்க வேண்டுமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. படியுங்கள், ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. சதவீதம், சராசரி, குறுக்கு அட்டவணை, கை-ஸ்கொயர், இவ்வளவுதான் உங்களுக்கு வேண்டியது. பத்தாம் வகுப்புக் கணக்கே தாராளம்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். குழுவில் 5 வருடம் தாண்டியவர்கள் 70 பேர், தாண்டாதவர்கள் 50 பேர். ‘கடன் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று நானே முடிவு செய்கிறேன்’ என்றவர்கள் முதல் பிரிவில் 42, இரண்டாவதில் 20. அதாவது 60 சதவீதம், 40 சதவீதம். குழுவில் இருந்த வருடத்துக்கும் இந்தப் பதிலுக்கும் சம்பந்தமே இல்லையென்றால் அந்த 62 பேரும் எழுபதுக்கு ஐம்பது என்ற விகிதத்தில் பிரிந்திருப்பார்கள்: சுமார் 36, 26. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள தூரத்தை ஒரே எண்ணாகச் சொல்வதுதான் கை-ஸ்கொயர். இங்கே அது 4.67. இப்படி இரண்டு பிரிவு, இரண்டு பதில் உள்ள அட்டவணையில் 3.84-ஐத் தாண்டினாலே ‘குறிப்பிடத்தக்கது’ என்று எழுதுவது வழக்கம். பி மதிப்பு 0.03. அதாவது, சம்பந்தமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக நூற்றில் மூன்று தடவை வரலாம். பல வருடம் குழுவில் இருந்ததால்தான் அதிகாரம் வந்தது என்று அந்த எண் சொல்லவில்லை. வயது கூடியதால் வீட்டில் பேச்சு எடுபடுகிறதோ என்னவோ. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இதைத்தான் கேட்பார்கள். அன்றைக்கு சென்டர்காரர் உங்கள் பக்கத்தில் உட்கார மாட்டார்.

இந்த 384 விஷயத்துக்கு வருகிறேன். 1970-இல் கிரெஜ்சி, மோர்கன் என்ற இருவர் வெளியிட்ட அட்டவணையில் உள்ள எண் அது. பெரிய மக்கள்தொகையில் ஒரு சதவீதத்தை, 5 சதவீதப் புள்ளி முன்பின்னாக, குலுக்கல் முறையில் ஆள் எடுத்துக் கணிப்பதற்கானது. குழுத் தலைவி கைகாட்டிய பெண்களிடம் போய்க் கேட்டிருந்தால் 384 என்ன, 3,840 பேரைக் கேட்டாலும் அந்தக் குறை தீராது. 120 என்றே எழுதுங்கள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ‘பார்த்துக்கொள்வது’ என்றால் என்ன தெரியுமா? நடக்காத பேட்டி 264-ஐ எக்செல்லில் காப்பி பேஸ்ட் செய்வது. அதற்குப் பெயர் மோசடி, மாட்டினால் பட்டம் உங்களுடையதுதான் போகும்.

சென்டர்களின் இன்னொரு வித்தை, எல்லாக் கேள்வியையும் எல்லாக் கேள்வியோடும் மோதவிட்டு, நட்சத்திரம் விழுந்த, அதாவது ‘குறிப்பிடத்தக்கது’ என்று குறியிட்ட அட்டவணைகளை மட்டும் பைண்டு செய்து தருவது. சம்பந்தமே இல்லாத நூறு அட்டவணை போட்டாலும் ஐந்தாறில் நட்சத்திரம் விழத்தான் செய்யும். ‘பி = 0.000’ என்று அப்படியே அச்சடித்த ஆய்வேடுகளும் இவர்கள் கைங்கரியம்தான். பி மதிப்பு பூஜ்யமாகாது. 0.001-க்குக் குறைவு என்று எழுத வேண்டும்.

காசு கொடுத்துச் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: டேட்டா என்ட்ரி. அதையும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வினாத்தாளிலும் 1 முதல் 120 வரை எண் போடுங்கள். எந்தப் பதிலுக்கு எந்தக் குறியீட்டு எண் என்று ஒரு தாளில் நீங்களே எழுதிக் கொடுங்கள். பதில் இல்லாத இடத்துக்கு வழக்கமாக 99 போடுவார்கள். அது ‘விடுபட்டது’ என்று மென்பொருளிடம் சொல்லாவிட்டால் 99 என்பதே பதிலாகிவிடும். ‘எத்தனை குழந்தைகள்?’ என்ற கேள்விக்கு 114 பேரின் சராசரி 2, ஆறு பேர் பதில் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 6.85 என்று வந்து நிற்கும். டைப் செய்து வந்ததும் பத்துப் பன்னிரண்டு வினாத்தாள்களை உருவி, வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மூலத்தாள்களை மட்டும் அவர்களிடம் விட்டு வைக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

இந்த நிலைமைக்கு நீங்கள் மட்டும் காரணமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) 2022 விதிப்படி, முனைவர் பட்ட மாணவர்கள் படிக்க வேண்டிய வகுப்புகளான கோர்ஸ்வொர்க்குக்குக் குறைந்தது 12 கிரெடிட். அதில் பல இடங்களில் திட்ட விலக்கச் சூத்திரத்தைப் போர்டில் எழுதிப்போட்டு, தேர்வில் ‘மாதிரியெடுத்தலின் வகைகள் யாவை’ என்று கேட்டு முடித்துவிடுகிறார்கள். மாணவர் தன் வினாத்தாளைத் திறந்து ஒரு அட்டவணை போட்டுப் பார்ப்பதே இல்லை. பிறகு வாசலில் சென்டர் முளைக்காமல் என்ன செய்யும்? அத்தியாயத்தில் வார்த்தை எத்தனை சதவீதம் பிறர் எழுதியதோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கப் பல்கலைக்கழகங்கள் மென்பொருள் வாங்குகின்றன. சமைத்த எண்ணை அது கண்டுபிடிக்காது.

ஜமோவி, பி.எஸ்.பி.பி. என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், காசு கொடுத்து வாங்கும் எஸ்.பி.எஸ்.எஸ். மாதிரியே மவுஸால் வேலை செய்யலாம். இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.) நிதியில் முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பத்து நாள் ஆய்வுமுறைப் பயிற்சிகள் நடக்கின்றன. சேருமுன் ‘என் டேட்டாவைக் கொண்டுவந்து செய்யலாமா’ என்று கேளுங்கள். சான்றிதழை மட்டும் பெரிதாகப் பேசும் தனியார் ‘வொர்க்‌ஷாப்’ என்றால் பணத்தை வீணாக்காதீர்கள்.

முதலில் மூன்றே அட்டவணை போடுங்கள், உங்கள் முக்கியமான மூன்று கருதுகோளுக்கு ஒவ்வொன்று. ஒவ்வொன்றின் கீழும் சதவீத வித்தியாசத்தை உங்கள் வார்த்தையில் இரண்டு வரி எழுதி கைடிடம் காட்டுங்கள். நட்சத்திரம் விழாத அட்டவணையையும் சேர்த்தே கொண்டுபோங்கள். ‘இதை எடுத்துவிடு’ என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.