கத்தர் கடைசிவரை மக்கள் பாடகர்தானா, இல்லை மாறிப்போனவரா?

மாறினார் தெலுங்குப் புரட்சிப் பாடகர் கத்தர், அதில் சந்தேகமில்லை. 1985ல் தலைமறைவாகி, தேர்தலையே புறக்கணித்த நக்சல் இயக்கத்தின் கலைக்குழுவான ஜன நாட்ய மண்டலியின் பாட்டோடு காட்டில் அலைந்தவர், 2018ல்தான் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். கோயிலுக்கும் போனார். 2023 ஜூனில் தனிக்கட்சி அறிவித்தார், ஆகஸ்டில் இறந்துவிட்டார். ஆனால் ஓட்டுப் போட்டதற்காக அவரைத் துரோகி என்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. 1997ல் வீட்டில் சுடப்பட்டு, எடுக்க முடியாத ஒரு குண்டை முதுகில் வைத்துக்கொண்டே 26 வருஷம் பாடிய மனிதர் அவர்.

அவரிடம் கேட்க வேண்டிய கணக்கு வேறு. அந்தப் பாட்டைக் கேட்டுக் காட்டுக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், நக்சல் தாக்குதலில் செத்த போலீஸ்காரர்களின் வீடுகள். அவருக்கு அரசு மரியாதை கூடாது என்று குரல் எழுந்ததை வெறும் கட்சி அரசியல் என்று நான் தள்ள மாட்டேன். விருது விஷயம்தான் வேடிக்கை. சினிமாப் பாட்டுக்குக் கிடைத்த ஆந்திர அரசின் நந்தி விருதை வேண்டாம் என்றவர் கத்தர். 2024ல் தெலங்கானா அரசு அந்த விருதுக்கே அவர் பெயரை வைத்துவிட்டது. இருந்திருந்தால் அதற்கும் ஒரு பாட்டுக் கட்டியிருப்பார்.

நான் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன். 1964 ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். எங்கள் சித்தப்பா, யாரோ கொடுத்த கத்தர் கேசட்டை நாடா தேயும்வரை போட்டவர். தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. அட்டைப் படத்தைப் பார்த்துத் தோளில் கம்பளியும் போட ஆரம்பித்தார், எங்கள் குளிருக்கு அது தோதாகவும் இருந்தது.

அப்போது இலை நிறுக்கிற இடத்தில் ஈரத்துக்கு, கூடைக்கு என்று கிலோ கழிப்பார்கள். ஒரு வேலைநிறுத்தத்தின்போது சித்தப்பா பிஸ்கட் தகரத்தைத் தட்டிக்கொண்டு பாடினார்: “மழையில நனஞ்சது இலை மட்டுமா கணக்கப்பிள்ளே, நீ கழிக்கிற கிலோவுல நான் எத்தன கணக்கப்பிள்ளே.” நான் அப்பாவின் தோளில் உட்கார்ந்து கேட்டேன்.

பத்து வருஷம் கழித்து அதே மெட்டில் ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேட்டு ஜீப்பில் வந்தார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் தேயிலைக் காட்டுக்குள்ளிருந்தே பழைய பாட்டை எடுத்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளே என்று வருகிற இடத்தில் எல்லாம் சித்தப்பா பெயர்! கட்சிக்காரர்களுக்கு முகம் செத்துப்போனது. சித்தப்பா மைக்கைக் கீழே வைத்துவிட்டு, ஜீப் பானெட்டில் அந்தப் பாட்டுக்குத் தாளம் போட்டார்.

அன்றைக்கு ஓட்டுக் கேட்காமலே திரும்பிவிட்டார் என்பார் அம்மா. இல்லை, கேட்டுவிட்டுத்தான் போனான் என்று அப்பா இன்றைக்கும் சண்டைக்கு வருவார்.