பர்மிய வரி சிதறுகிறது, வழுவறிக்கைக்குப் பதிலில்லை

லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் குறை என்று இரண்டு வழுவறிக்கைகள் அனுப்பியும் பதிலில்லை என்கிறீர்கள். மூன்றாவது அறிக்கை அனுப்பாதீர்கள். உங்கள் ரங்கூன் கோயில் அழைப்பிதழில் தமிழ் ஒழுங்காக வந்து பர்மிய வரிகள் மட்டும் சிதறுகின்றன என்றால், குறை பெரும்பாலும் லிப்ரே ஆபிஸில் இல்லை. அந்த வரிகள் ஜாவ்ஜி என்ற பழைய, யூனிகோடோடு ஒத்துப்போகாத பர்மிய எழுத்துக் குறியீட்டில் தட்டச்சானவையாக இருக்கும். மியன்மா 2019 அக்டோபர் 1 அன்று, எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடுக்கு மாறியது. பழைய கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை.

சிதறிய வரிக்குப் படாக் என்ற யூனிகோடு பர்மிய எழுத்துருவைக் கொடுத்துப் பாருங்கள். அதிலும் சிதறி, ஜாவ்ஜி ஒன் எழுத்துருவில் சரியானால் அது ஜாவ்ஜிதான், சந்தேகமே வேண்டாம். ஜாவ்ஜியை யூனிகோடாக மாற்றும் கருவியான மாற்றியில் இட்டு யூனிகோடாக்குங்கள். ஓரெழுத்தின் கீழ் இன்னோர் எழுத்து அடுக்கி வரும் பாலிச் சொற்களில் மாற்றிகள் தடுமாறலாம். அச்சுக்கு முன் பர்மியம் நன்றாகப் படிப்பவரிடம் காட்டிவிடுங்கள்.

யூனிகோடான பிறகும் உடைந்தால் அது உண்மையான வழு. அப்போது ஒரே ஒரு வரி உள்ள கோப்பு, பதிப்பு எண், இயங்குதளம், எழுத்துருவின் பெயர், இவை போதும். முழு அழைப்பிதழையும் இணைத்து "அவசரம்" என்று எழுதினால், சிதறிய இடத்தை யார் தேடிப் பிரித்தெடுப்பார்கள்? அறிக்கையை முதலில் பார்ப்பவர்களில் பலர் வேலை முடிந்து வந்து உட்காரும் தன்னார்வலர்கள். தங்கள் கணினியிலும் அதே சிதறலைக் கண்டால்தான் உறுதி செய்வார்கள்.

ஜாவ்ஜிதான் என்று தெரிந்தால், பழைய இரண்டு அறிக்கைகளையும் காரணம் எழுதி நீங்களே மூடிவிடுங்கள்.