பேஸ்பாலில் சீசனின் பேட்டிங் சாம்பியனை எப்படி முடிவு செய்கிறார்கள்? சராசரி அதிகமுள்ளவருக்கே சில சமயம் பட்டம் கிடைக்காதது ஏன்?

சராசரி அதிகமாக இருந்தால் மட்டும் போதாது, போதுமான தடவை பேட் பிடித்திருக்கவும் வேண்டும். பட்டம் கைமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் கணக்கு. கிரிக்கெட்டைப் போல ரன்னை அவுட்டால் வகுப்பதில்லை. ஹிட்டை (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸ் சேர்ந்த தடவைகள்) அட்-பேட்டால் (பேட் பிடித்ததில் சராசரிக்கு எண்ணப்படும் தடவைகள்) வகுக்க வேண்டும். 1941-ல் டெட் வில்லியம்ஸ் 456 அட்-பேட்டில் 185 ஹிட் அடித்தார். வகுத்தால் .4057, அதாவது .406. அந்த ஆண்டு சாக்ரிஃபைஸ் ஃப்ளையும் (தான் கேட்ச் ஆனாலும் சக ஆட்டக்காரர் ரன் எடுக்க உதவும் உயரமான அடி) அட்-பேட்டாகவே எண்ணப்பட்டது என்பதால் அந்த எண்ணின் மதிப்பு இன்னும் கூடுதல்.

இன்றைய விதிப்படி வாக் (நான்கு தவறான பந்துகளை அடிக்காமல் விட்டு இலவசமாக முதல் பேஸ் பெறுவது), உடம்பில் பந்து படுவது, சாக்ரிஃபைஸ் பன்ட் (தான் அவுட் ஆனாலும் சக ஆட்டக்காரர் முன்னேற பந்தை மெதுவாகத் தட்டுவது), சாக்ரிஃபைஸ் ஃப்ளை எதுவும் அட்-பேட்டில் சேராது. ஆனால் பிளேட் அப்பியரன்ஸில், அதாவது பேட் பிடிக்க வந்த மொத்தத் தடவையில், எல்லாமே சேரும். தகுதி பார்ப்பது இதை வைத்துத்தான்: அணியின் ஓர் ஆட்டத்துக்கு 3.1 வீதம். 162 ஆட்டத்துக்கு 502. 60 ஆட்டமே நடந்த 2020-ல் 186 போதுமானதாக இருந்தது.

முன்பு அட்-பேட்டை வைத்தே தகுதி பார்த்தார்கள், அது அநியாயமாகவும் போனது. 1954-ல் வில்லியம்ஸின் சராசரி .345. அமெரிக்கன் லீகில் 400 அட்-பேட் தேவைப்பட்டது (அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீக், ஒவ்வொன்றுக்கும் தனிச் சாம்பியன்). அவருக்கு 386தான், ஏனென்றால் 136 வாக் கிடைத்திருந்தது. பட்டம் .341 வைத்திருந்த பாபி அவிலாவுக்குப் போனது. நல்ல கண் உள்ள ஆட்டக்காரருக்கு அந்தக் கண்ணே பாதகமானது. 1957-ல் 3.1 விதி வந்தது.

502 வராவிட்டாலும் ஒரு வழி உண்டு. குறைகிற எண்ணிக்கையை ஹிட் இல்லாத அட்-பேட்டாகச் சேர்த்து மறுபடி வகுக்க வேண்டும். அப்போதும் முதலிடம் என்றால் பட்டம் அவருக்குத்தான். 1996-ல் டோனி க்வின்னுக்கு 498 பிளேட் அப்பியரன்ஸ், 451 அட்-பேட்டில் 159 ஹிட், சராசரி .353. நான்கைச் சேர்த்து 455-ஆல் வகுத்தாலும் .349. அடுத்த இடத்தில் இருந்த எல்லிஸ் பர்க்ஸ் .344. பதிவேட்டில் க்வின்னின் சராசரி .353 ஆகவே நிற்கிறது. சேர்த்த நான்கும் ஒப்பிடுவதற்கு மட்டுமே.

2012-ல் சராசரியில் முன்னணியில் இருந்த மெல்கி கப்ரேராவுக்கு ஒன்றே ஒன்றுதான் குறைந்தது: 501. ஊக்கமருந்துத் தடையில் இருந்த அவர், தன் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று தானே கேட்டுக்கொள்ள, அந்த சீசனுக்கு இந்தச் சேர்ப்பு விதியை அவருக்குப் பொருத்தாமல் விட்டார்கள். .336 எடுத்த அவருடைய சக ஆட்டக்காரர் பஸ்டர் போஸி சாம்பியன் ஆனார்.

சீசன் நடுவில் லீக் மாறினால் கணக்கு இரண்டாகப் பிரியும். 1990-ல் வில்லி மெக்கீ நேஷனல் லீகில் .335 எடுத்து, தகுதியும் பெற்றபின், ஆகஸ்ட் கடைசியில் ஓக்லண்டுக்கு மாற்றப்பட்டார். அந்த .335 அப்படியே உறைந்து நின்று பட்டத்தை வென்றது. இரு லீகையும் சேர்த்தால் அவர் .324தான்; .330 எடுத்த எடி மர்ரே வெறுங்கையோடு நின்றார். ஒரே லீகுக்குள் அணி மாறினால் இந்தச் சிக்கல் இல்லை, இரண்டும் கூட்டப்படும். 2024-ல் லூயிஸ் அராயெஸ் அப்படித்தான் வென்றார்.

நீங்களே பட்டியல் தயாரித்தால் மூன்று தசமத்துக்குச் சுருக்கியபின் வரிசைப்படுத்தாதீர்கள். 1949-ல் ஜார்ஜ் கெல் 522-க்கு 179, வில்லியம்ஸ் 566-க்கு 194. இருவருக்குமே .343 என்றுதான் வரும். நான்காவது தசமத்தில் .3429, .3428, பட்டம் கெல்லுக்கு.