ஆங்கிலச் சொற்களைப் பொருளோடும் அவற்றின் மற்ற வடிவங்களோடும் நினைவில் வைக்க என்ன வழி?

காரைக்குடியில் மாலை நேரம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அகராதியை வரிசையாக மனப்பாடம் செய்வது எனக்குப் பிடிக்காது. ஒரு சொல் வந்தால் அதன் சொந்தபந்தங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எங்கள் பக்கம் எந்தப் பலகையைப் பார்த்தாலும் 'ஹெரிடேஜ்' இருக்கும், அதாவது மரபுச் செல்வம். கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடுகள் சில விடுதிகளாகிவிட்டன அல்லவா? அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குவேன். வாரிசாகச் சொத்து பெறுவது இன்ஹெரிட். அப்படி வந்த சொத்து இன்ஹெரிட்டன்ஸ். பரம்பரையாக வரும் நோயோ பதவியோ ஹெரிடிட்டரி. வாரிசு என்பதற்கான சொல்லை heir என்று ஹெச் போட்டு எழுதி, 'ஏர்' என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் வேர், வாரிசு என்று பொருள்படும் ஒரே லத்தீன் சொல். பங்காளிகளுக்கு இன்ஹெரிட்டன்ஸாக வந்த, முற்றம் வைத்த வளவு வீடு, ஊருக்கு ஹெரிடேஜ். இப்படிச் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

அப்புறம் கிரெடிட். பர்மா, மலாயா என்று போய்க் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களின் ஊர் இது. பேரேட்டில் வரவு, பற்று என்றால் இங்கே சட்டென்று புரியும். கிரெடிட்டின் லத்தீன் வேருக்கு 'நம்பு' என்று பொருள். நம்பிக் கடன் கொடுத்தவர் கிரெடிட்டர். நம்பத் தகுந்தது கிரெடிபிள். நம்ப முடியாத செய்தி இன்கிரெடிபிள். அதைக் கேட்டு நம்பாமல் பார்க்கும் ஆள் இன்கிரெடியுலஸ். இந்தக் கடைசி இரண்டையும் கல்லூரி மாணவர்களே மாற்றி எழுதுகிறார்கள். ஒன்று செய்திக்கு, மற்றது ஆளுக்கு என்று பிரித்து வைத்தால் போதும்.

ஒரே வேர் என்பதால் பொருளும் ஒன்றாகவே இருக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விற்கும் பழைய மரச் சாமான் ஆன்டீக். பழமையே அதற்கு விலை. அதே வேரில் வந்த ஆன்டிக்வேட்டட் என்றால் காலத்துக்கு ஒவ்வாதது என்று பொருள். கடைக்காரரிடம் போய் அந்தச் சொல்லைச் சொன்னால் அவர் மனம் நோகும்.

உச்சரிப்பும் வடிவத்துக்கு வடிவம் மாறும். ஃபோட்டோகிராஃபில் அழுத்தம் முதல் அசையில், ஃபோட்டோகிராஃபரில் இரண்டாவதில், ஃபோட்டோகிராஃபிக்கில் மூன்றாவதில். இதைக் கண்ணால் படித்துப் பிடிக்க முடியாது, வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு நோட்டு போடுங்கள். ஒரு வேருக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு வடிவத்துக்கும் உங்கள் வீட்டையோ தெருவையோ வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். அதே வேரில் புதுச் சொல் எப்போது வேண்டுமானாலும் வரும்.